சிவப்புக் கோடு போட்ட மாத்திரையும் ஒரு மதுரைப் பயணமும்

இதே சிகிச்சைக்குக் குழந்தையைக் கூட்டிப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். என் மகள் யாழினிக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். ஆனால் அவள் குடலில் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமி குடியேறியிருக்கிறது. அது ரத்தத்தில் கலந்தால் கொடுக்க மருந்தில்லை என்றார்கள். அதனால் முதலில் மலமாற்றுச் சிகிச்சை. நலமாக இருக்கும் ஒருவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளைப் பிரித்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு அவள் குடலுக்குள் செலுத்துவார்கள். பலிக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை, வேறு வழியும் இல்லை. எனக்கும் கணவருக்கும் அதே கிருமி இருக்கிறதாம். சோதனைகளில் தேறியவன் என் தம்பி செல்வம் மட்டும்தான்.

இந்த ஆவணியில் ஒரு புதன்கிழமை. காலை 5.10க்கு நான், யாழினி, செல்வம் மூவரும் காரைக்குடியிலிருந்து கிளம்பினோம். மதுரை 85 கிலோமீட்டர். வாடகைக் கார், போக வர 3,800 ரூபாய். பிள்ளையார்பட்டியைத் தாண்டும்போது நிறுத்தச் சொல்லவில்லை, உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

5.45க்குத் திருப்பத்தூரில் டீ. யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். "பாப்பாவ நான் பாத்துக்கிறேன், குடிச்சிட்டு வாங்க. சும்மா பயந்துக்கிட்டே இருக்கீகளே," என்றார் ஓட்டுநர்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு செல்வம் கேட்டான்: "அக்கா, அந்தத் தொண்ட மாத்திரை இன்னும் ஒண்ணு இருக்குல்ல?"

நாலு நாளாக அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். இந்த நேரம் பார்த்துப் படுத்துவிடக் கூடாதே என்று, தொண்டை கரகரத்ததும் நான்தான் மாத்திரை கொடுத்தேன். எங்கள் வீட்டில் மிச்ச மாத்திரைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்போம். இது எனக்குப் பல்வலி வந்தபோது வாங்கிய மாத்திரை. பையிலிருந்து அட்டையை எடுத்தேன். பின்பக்கம் நெடுக ஒரு சிவப்புக் கோடு, ஆன்டிபயாடிக் என்பதற்கு அடையாளம். அது நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும், தானம் கொடுப்பவர் மூன்று மாதம் ஆன்டிபயாடிக்கே தொடக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருந்தார்கள்!

"சொல்லாம விட்ருவமாக்கா? இன்னைக்கு விட்டா எப்பக் கூப்பிடுவாகளோ," என்றான்.

மேலூர் வரை எனக்கும் அதே நினைப்புதான். இப்படி நினைத்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. மடியில் படுத்திருந்தவள் திரும்பி என் விரலைப் பிடித்தாள். "சொல்லிருவோம்டா," என்றேன்.

7.25க்கு மருத்துவமனை. அட்டையை டாக்டரிடம் நீட்டினேன். அவர் திட்டவில்லை. "நல்லவேளை சொன்னீங்கம்மா. இனிமே மூணு மாசம். அதுக்குள்ள வேற யாராவது கிடைக்கிறாங்களான்னு பார்ப்போம்," என்றார். மூன்று மாதம் அந்தக் கிருமி சும்மா இருக்குமா என்று கேட்டேன். அவர் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

"இன்னைக்குக் குழாய் போட மாட்டாகளாம்மா?" என்று துள்ளியது யாழினி மட்டும்தான்.

நீங்கள் போவதானால் ஐந்து மணிக்கே கிளம்புங்கள், கூட்டத்துக்கு முன் போய்விடலாம். காத்திருக்கும் அறையில் ஏசி அதிகம், குழந்தைக்கு ஸ்வெட்டர் வேண்டும். தானம் கொடுப்பவருக்குத் தலைவலி என்றாலும் டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். முக்கியமாக, வீட்டில் அப்படி ஒரு டின் இருந்தால் இன்றே காலி செய்யுங்கள்.

எங்கள் டின் இப்போது காலி. வேறு யாரும் கிடைக்கவில்லை, செல்வம் தானம் கொடுக்க இன்னும் ஐம்பத்தோரு நாள் இருக்கிறது. ஒரு கையால்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். மற்றொரு கை அவள் நெற்றியில் இருக்கிறது, சூடு ஏறுகிறதா என்று.