பதினோராவது வாத்தியம்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஹோசியா டில்லரி முதலில் ரேடியேட்டரிடம்தான் நலம் விசாரிப்பார். தொப்பியைக் கழற்றமாட்டார், வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார். நேரே சுவரோரம் போய், நீராவியால் அறையைச் சூடாக்கும் அந்த இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. அடக்கம் முடிந்து வீட்டில் சாப்பாடு. எல்லோரும் பொரித்த கோழி இருந்த மேசைப் பக்கம் நகர, இவர் ஜன்னலோரம் போய்க் கையை வைத்தார். அப்புறம்தான் விதவையிடம் வந்து, "நல்ல மனுஷன்மா உன் வீட்டுக்காரன். ஆனா இந்த வால்வை மாத்தச் சொல்லி ரெண்டு வருஷமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனேன், கேட்டானா?" என்றார். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு வால்வைப் பார்த்தாள்.

சிகாகோவின் தெற்குப் பகுதியில், எழுபத்தைந்தாம் தெருவைச் சுற்றியிருக்கும் பழைய செங்கல் கட்டடங்களில் பாதிக்கு இவர்தான் வைத்தியர். வயது எண்பதுக்கு ஒன்று குறைவு. பாய்லர், நீராவிக் குழாய், வால்வு, இவற்றைத் தவிர உலகில் வேறு எதுவும் பழுதாவதாக அவர் ஒப்புக்கொள்வதில்லை. வேலைக்கு வரும்போது எண்ணெய்க் கறை படிந்த மேலுடைக்குள் கழுத்துப்பட்டை கட்டியிருப்பார். "டாக்டரு கட்டலாம், நான் கட்டக் கூடாதா?" என்பார். குழாய்களைக் கிழவி என்றுதான் கூப்பிடுவார். என் வீட்டுச் சமையலறைக் கிழவிக்கு மூட்டு வலி, படுக்கையறைக் கிழவிக்கு வாய்வு. போன குளிர்காலத்தில் நான் பொறுமையிழந்து அவரிடம் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசிவிட்டேன், அதற்காக எட்டு நாள் என்னைக் குளிரில் வைத்துத் திருத்தினார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் உலக இசை வரலாற்றில் இருக்கிறார். அதுதான் அவருக்கு வந்த வினை.

ஜூபல் பிக்கெட் என்று ஒருவர் இருந்தார். சாக்ஸபோன், பெரிய கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாம் அவருக்குச் சாதாரணம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஊதுவாய் மாட்டி ஊதுவார். தையல் மெஷினின் மிதிப்பலகையைக் காலால் ஓட்டி, அதில் ஒரு துருத்தியை இணைத்து, தேநீர்க் கெண்டியின் மூக்கைப் பாடவைப்பார். ஜாஸ் உலகமே வாயைப் பிளந்தது. 1969 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் பகுதியில் ஸ்டப்ஸ் என்பவர் நடத்திய மதுக்கடையில் அவர் வாசித்ததை இரண்டு டேப்பில் பதிவு செய்தார்கள். முதல் டேப் மட்டும் ரெக்கார்டாக வந்தது. அட்டையில், "ஜூபல் பிக்கெட்: பதினொரு வாத்தியங்கள்" என்று போட்டு ஒவ்வொன்றாகப் பட்டியல் கொடுத்திருந்தார்கள். பதினோராவதாக ஒரே ஒரு சொல்: இரும்பு.

அந்த இரும்பைக் கேட்டிருக்கிறேன். ஜூபல் கிளாரினெட்டில் ஒரு வரி ஊதுவார், எங்கோ ஆழத்திலிருந்து 'டணங்' என்று ஒரு சத்தம் வரும். அவர் அதற்குப் பதில் சொல்வார். மறுபடி 'டணங்'. அப்படியே பதினெட்டு நிமிடம் போய், அந்தச் சத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே பாட்டு மெல்ல மங்கி அணைந்துவிடும். அணைத்தவர்கள் கலைநயத்தோடு அணைத்ததாகப் பேச்சு. இந்த மனிதர் கெண்டியையே பாடவைத்தவராயிற்றே, ஆகவே அவர் ரெக்கார்டில் எந்தச் சத்தம் வந்தாலும் அது அவர் கண்டுபிடித்த வாத்தியம்தான் என்று ரசிகர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ராட்டர்டாமில் ஒரு டிரம் கலைஞர் அதே ஒலிக்காக ஏழு அடி இரும்பை ஊரூராகச் சுமந்துகொண்டு திரிகிறார். ஒரு பேராசிரியர் இதைப்பற்றித் தனி அத்தியாயமே எழுதிவிட்டார். அந்த ஒலி, ஆலைகளில் நசுங்கிய ஓர் இனத்தின் நாடித்துடிப்பாம்.

"நாடியும் இல்ல, ஜோடியும் இல்ல. குழாய் தொய்ஞ்சு போச்சு" என்பார் ஹோசியா.

நடந்தது இவ்வளவுதான். அன்று ஸ்டப்ஸின் கடையில் சூடு வரவில்லை. நிலவறையில் முக்கியக் குழாய் தொய்ந்து, அதில் தண்ணீர் தேங்கிவிட்டது. மேலே ஏறப் பார்க்கும் நீராவி அந்தத் தண்ணீரைத் தூக்கிக் குழாயிலேயே அடிக்கும், 'டணங்' என்று. இருபத்தாறு வயது ஹோசியாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். மேலே வாசிப்பு நடக்கிறது, கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு சனங்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள், கீழே இவர் குழாயைத் தூக்கிச் சரிவு கொடுக்க ஸ்பானரால் ஆப்பு அடிக்கிறார். ஆக, சத்தத்தில் பாதி குழாயினுடையது, பாதி இவருடையது. ஜூபலுடையது என்று ஒரு தட்டுகூட இல்லை.

இந்தக் கதையைக் கேள்விப்பட்டு ஒசாகாவிலிருந்து ஒருவர் வந்து இடுப்பு வளையக் கும்பிட்டு, அந்த ஸ்பானரைத் தரிசிக்க வேண்டும் என்றார். ஹோசியா பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். வந்தவர் அதை வெள்ளைத் துணியில் கிடத்தி நாற்பது படம் எடுத்தார். "அது போன வருஷம் வாங்குனது. சொன்னா மனுஷன் அழுதுடுவான் போலிருந்துச்சு, விட்டுட்டேன்" என்றார் என்னிடம்.

இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் முடிதிருத்தும் கடையில் சிரிக்கமாட்டார். கடைக்காரர் க்ளீவ் ஹாம்ப்டன் இவரோடு ஒன்றாகப் படித்தவர். கடையில் அந்த ரெக்கார்டைத் தயாராக வைத்திருப்பார். ஹோசியாவின் தலை வாசலில் தெரிந்ததும் முள்ளைச் சரியாக 'டணங்'கில் இறக்கிவிடுவார்.

"வாடா ஹோசியா, உன் பாட்டுதான் ஓடுது. அம்பத்து மூணு வருஷமா கெழவி கதறுறா, இன்னும் நீ போய்ப் பாக்கலையாமே?"

"நாப்பது நிமிஷத்துல சரி பண்ணுனேன்டா!"

"அப்படியா? ரெக்கார்டுல கேக்கலையே."

"அதுக்குள்ள நிறுத்திட்டானுங்க!"

"நிறுத்துனாங்களா? நீ முடிப்பேன்னு பாத்துப் பாத்து டேப்பே தீந்துபோச்சுன்னு கேள்விப்பட்டேன்." நாற்காலியில் சோப்பு நுரையோடு இருக்கும் ஆள்கள் எல்லாம் குலுங்கிச் சிரிப்பார்கள். ஹோசியாவும் பல்லைக் காட்டுவார், காதுமடல் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும்.

எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஐம்பத்தைந்து வருடத் தொழிலில் அவர் முடிக்காமல் விட்ட வேலை என்று ஒன்று கிடையாது. ஆனால் உலகம் பூராவும் கேட்பது அவர் முடிக்காத பதினெட்டு நிமிடத்தைத்தான். மதுக்கடையை இடித்துத் தள்ளியாயிற்று. ஜூபல், ஸ்டப்ஸ் இருவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. சாட்சி சொல்லக்கூடியது அந்த இரண்டாவது டேப் ஒன்றுதான், அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிக்கெட்டைப் புகழ்ந்துகொண்டு யாராவது வந்தால், தட்டியது யார் என்று ஹோசியா வாதாடுவதில்லை. "ரெண்டாவது டேப்பு கெடச்சுதா?" என்று மட்டும் கேட்பார்.

கிடைத்தது. ஸ்டப்ஸின் மகள், கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான்களுக்குப் பின்னால் அதைக் கண்டெடுத்தாள். பிக்கெட்டின் பதிவுகளையெல்லாம் திரட்டிப் பெட்டியாக வெளியிடும் நிறுவனத்திலிருந்து நைலா ப்ரூவர் என்ற பெண் ஹோசியாவைப் பார்க்க வந்தாள். என் சமையலறையில்தான் பேச்சு நடந்தது, ஏனென்றால் அன்று அவர் என் கிழவியின் மூட்டைக் கழற்றிவைத்திருந்தார்.

"மிஸ்டர் டில்லரி, உங்க கதையை நான் முழுசா நம்புறேன். ஆனா பெட்டி அச்சாயிடுச்சு. பதினொரு வாத்தியங்கள்னு தங்க எழுத்துல."

"பத்துன்னு மாத்து."

"தங்க எழுத்து சார்... ஒண்ணு செய்யலாம். இரும்பு வாசிச்சது ஹோசியா டில்லரின்னு உள்ள ஒரு வரி போட்டுடுறோம். கணக்கும் சரியா வந்துடும்."

ஹோசியா ஸ்பானரைக் கீழே வைத்தார். "பாரும்மா. பிக்கெட்டும் வாசிக்கல, நானும் வாசிக்கல. அது ரிப்பேரு. அந்த டேப்புல கடைசில சத்தம் நிக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லு. நின்னுச்சுன்னா நான் சரி பண்ணேன்னு அர்த்தம். நிக்கலைன்னா, க்ளீவ் சொல்றதை நான் சாகுற வரைக்கும் கேட்டுக்குறேன்."

டேப் இற்றுப்போயிருக்கிறது, ஒரே ஒரு முறைதான் ஓட்டலாம், எல்லோர் முன்னாலும் ஓட்டும்போதே நகல் எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்றாள் அவள். அதற்கு முந்தைய பத்து நாள் ஹோசியா என்ன வேலை பார்த்தார் என்று கேட்காதீர்கள். என் சமையலறையில் மூட்டு பூட்டப்படவே இல்லை.

சனிக்கிழமை மதியம் நூலகக் கூடத்தில் ஐம்பது பேர். பேராசிரியர் முதல் வரிசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். க்ளீவ் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், நக்கலடிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்ற முகத்தோடு. ஹோசியா இரண்டாவது வரிசை, அவருக்குப் பக்கத்தில் நான். கூடத்தில் ரேடியேட்டர் கிடையாது, கூரையில் பதித்த துவாரங்கள் வழியாக வெப்பக்காற்று வந்தது. "இதெல்லாம் ஒரு சூடா?" என்று முனகிவிட்டு உட்கார்ந்தார்.

டேப் ஓடத் தொடங்கியது. இரைச்சல், கண்ணாடிக் குவளைகளின் சத்தம், யாரோ இருமினார்கள். கிளாரினெட். 'டணங்'.

"இது கெழவி" என்றார் ஹோசியா, கூடத்துக்கே கேட்கும்படி.

'டங்'.

"இது நான்."

பேராசிரியர் திரும்பி முறைத்தார். நாலு தட்டுக்குப் பிறகு முறைப்பதை விட்டுவிட்டு, 'கி', 'நா' என்று குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று தட்டு சேர்ந்தாற்போல் வந்ததும் ஹோசியா என் முழங்கையைப் பிடித்தார். "ஆப்பு இறங்குது. நாற்காலிக் காலை ஒடச்சு ஆப்பா அடிச்சேன்."

ஜூபல் ஒரு வரி ஊதி நிறுத்தினார். பதில் இல்லை. அதே வரியை மறுபடி ஊதி, தட்டு விழ வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுக் காத்திருந்தார். பதில் இல்லை. டேப்பில் யாரோ சிரித்தார்கள். அப்போது மெல்லிதாக ஒரு சீறல் கேட்டது, ஒரு மூலையில், பிறகு இன்னொரு மூலையில்.

"பன்னிரண்டாவது!" என்று பேராசிரியர் கிசுகிசுத்தார்.

"வால்வு" என்றார் ஹோசியா. "சூடு ஏறுது."

நின்றுவிட்டது. ஐம்பத்து மூன்று வருடம் கழித்து, ஐம்பது பேர் காது பட நின்றுவிட்டது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஹோசியாவின் முகம் மலரவில்லை. டேப்பில் இப்போது தரையைக் காலால் உதைக்கும் சத்தம், முதலில் இரண்டு பேர், பிறகு கடை முழுக்க.

"இதான்" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. மேல இப்படி ஒதைச்சாங்க. பாட்டைக் கெடுத்துட்டேன்னு கோவம். பிக்கெட் ஆளு வேற முரடன். சாமானைப் பொறுக்கிக்கிட்டு சந்துக் கதவு வழியா ஓடிட்டேன்."

டேப்பில் ஒரு கரகரத்த குரல் ஒலித்தது. ஜூபல் பிக்கெட்.

"கோட்டைக் கழட்டுங்கப்பா எல்லாரும். சூடு வந்துடுச்சு." சிரிப்பு. "இவ்வளவு நேரம் கீழயிருந்து எங்கூட வாசிச்சானே ஒருத்தன், என் டிரம்மர் பயலைவிட ஒழுங்கா... அவன் பேரு என்ன ஸ்டப்ஸு? ஹொரேஸா? ஹொரேஸுக்கு ஓங்கித் தட்டுங்க!"

உதைப்பும் கைதட்டலும் சேர்ந்து ஒலிபெருக்கி அதிர்ந்தது. க்ளீவ், "ஹொரேஸா!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். நைலா பதறிப்போய் எங்கள் பக்கம் குனிந்தாள். "சார், பேரு தப்பா இருக்கு. கவலைப்படாதீங்க, கீழ ஒரு குறிப்புப் போட்டுத் திருத்திடலாம்—"

"பேசாதம்மா" என்றார் ஹோசியா.

டேப்பில் ஜூபல் தொடர்ந்தார். "எங்கப்பா இருக்க, ஹொரேஸு? மேல வா. வந்து எழுந்து நில்லு, சனங்க உன்னைப் பாக்கட்டும். வர்ற வரைக்கும் நாங்க விடப் போறதில்ல."

கைதட்டல் ஓயவில்லை. ஹோசியா முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பற்றினார். நான் தாங்கப் போனேன், தோளால் என்னைத் தள்ளிவிட்டார். மெல்ல மெல்ல நிமிர்ந்து எழுந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அந்த ஒலிபெருக்கிகளைப் பார்த்தபடி நின்றார்.