ஞானமேரி எண்ணிய ஐந்து

சூரமங்கலம் கல்லறைத் தோட்டத்தில் ஞானமேரியம்மாளை அடக்கம் செய்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. சிலுவையில் எழுதுவதற்காக வயதைக் கேட்டபோது மகன் கிறிஸ்துராஜ் விழித்தான். ஐம்பது இருக்கும் என்றார் ஒருவர், ஐம்பத்தைந்து என்றார் இன்னொருவர். அந்த அம்மாளைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. பெற்ற பிள்ளைகளின் வயதையே அவர் கிணறுகளை வைத்துத்தான் சொல்வார். "கிறிஸ்துராசுங்களா? மல்லசமுத்திரத்துக் கெணத்துல பாறை தட்டுன வருசம் பொறந்தானுங்க." வளர்த்த கோழிகள் எத்தனை என்று கேட்டால், "அதுங்க நின்னாத்தான எண்ணறதுக்கு" என்பார். வெடிச் சத்தம் ஒன்றைத்தான் அவர் தப்பாமல் எண்ணுவார்.

அவர் பிறந்தது சூரமங்கலத்துக்கு வடக்கே, வெள்ளைக்கல் வெட்டும் ஒரு குவாரியின் ஓரத்தில். அப்பா அங்கே பாறைக்கு வெடி வைப்பவர். பகல் வெடி முடியும்வரை சிவப்புக் கொடிக்கு வெளியே கஞ்சித் தூக்கோடு காத்திருக்க வேண்டும். எத்தனை திரி பற்ற வைத்தார்கள், எத்தனை வெடித்தது என்று கணக்குச் சரியான பிறகே உள்ளே போகலாம். ஒன்று குறைந்தால் அன்று முழுக்க யாரும் போகக் கூடாது. ஞானமேரி சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் அண்ணன் லாசர் உள்ளே போனான். ஒன்று குறைகிறதே என்றதற்கு, "ரெண்டு ஒண்ணா வெடிச்சிருச்சு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லாசர் உயிரோடு வெளியே வரவில்லை.

பிறகு சவரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். சவரியார் எட்டு பேரை வைத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் இடையே ஊர் ஊராகக் கிணறு வெட்டியவர். பாறையில் உளியால் துளை போடுவதைத் தமர் அடிப்பது என்பார்கள். ஆண்கள் தமர் அடித்துக் கருமருந்தை நிரப்புவார்கள். மேரியம்மாள் களிமண் பிசைந்து, மருந்தின் மேல் திணித்து, மரக்கோலால் இறுக்குவார். பிறகு மேலே வந்து கழுத்து ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொள்வார். ஒரு வெடிக்கு ஒரு மணி தள்ளுவார்.

1957 கோடையில் அந்தக் குழு எங்கள் காட்டுக்கு வந்தது. எங்களுடையது ராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பம். அப்பா தண்டாயுதபாணி நூல் வியாபாரத்தில் கொஞ்சம் தலையெடுத்து, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஆறு ஏக்கர் மேட்டுக்காடு வாங்கி அந்த ஊருக்கே குடிவந்திருந்தார். நாற்பதடி தோண்டியும் கிணற்றில் ஈரம்கூடத் தட்டவில்லை. தறிக்காரன் வெள்ளாமை பண்ண வந்துவிட்டான் என்று பக்கத்துக் காட்டார் சிரித்தார்கள். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு தூக்கத்திலும் கேட்டது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்ததால், அம்மாவோடு நானும் தினமும் காட்டுக்குப் போவேன்.

அன்று ஆறு தமர். நடுப்பகல். சவரியார் திரிகளைப் பற்ற வைத்துவிட்டு மேலே ஏறி ஓடிவந்தார். எல்லோரும் வேப்பமரத்துக்கு அப்பால் நின்றோம். வெடிகள் ஒவ்வொன்றாகக் கேட்டன. புகை அடங்கியதும் மேரியம்மாள் சொன்னார்:

"அஞ்சுங்க. ஒண்ணு நிக்குது."

"ஆறும்மா" என்றார் அப்பா. "நாலாவது வந்துச்சே, அது ரெண்டு."

"ஒண்ணுதானுங்க, மொதலாளி."

"நான் பன்னெண்டு வயசுல இருந்து தறியில பல்லுக்கு ரெண்டு இழைன்னு எண்ணிப் பழகுனவன். ரெண்டு ஒண்ணா வந்தா எனக்குத் தெரியாதா? என்ன சவரியாரே?"

சவரியார் தலையைச் சொறிந்தார். "நாலாவது கொஞ்சம் கனமாத்தானுங்க இருந்துச்சு."

"அவரு காதுல இருவது வருசமா வெடிச் சத்தம் அடைச்சுக் கெடக்குது. அவரக் கேக்கறீங்களே" என்றார் மேரியம்மாள். "நாளைக்குக் காலைல எறங்கலாமுங்க. கெணறு எங்கயும் ஓடிப் போயிராது."

அப்பா அன்று காத்திருந்திருப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கல்மேல் தண்ணீர் விழும் சத்தம். விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தவர், "ஊத்து! ராஜம்மா, ஊத்துக் கண்ணு!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டுக் கல்படியில் இறங்கினார். "அய்யோ, ஏனுங்க!" என்ற அம்மாவின் குரல் அவருக்குக் கேட்கவில்லை. பாதி ஆழம் வரை படி, அதற்குக் கீழே கயிறு. நாங்கள் விளிம்புக்கு வருவதற்குள் அவர் அடியில் இருந்தார். வெடியில் அசைந்து நின்ற ஒரு பலகைக்கல் அவர் கால் பட்டதும் சரிந்தது. இடது முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொண்டு மல்லாக்க விழுந்தார்.

விளிம்பில் நின்ற எல்லோரும், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இரண்டடி பின்னால் போனார்கள். அதுவரை ஆறு என்று நினைத்தவர்களுக்கும் அந்த நொடியில் ஐந்து என்றே பட்டிருக்க வேண்டும். சவரியார் மட்டும் வேட்டியை வரிந்து கட்டினார்.

மேரியம்மாள் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "நீங்க கயித்தப் புடிங்க. எண்ணுனது நானு. நானே போறனுங்க."

"மேரி, வேண்டாம்."

"கடப்பாரைய நாங் கேக்கறப்ப உட்டாப் போதும். அதுக்கு முன்னால இரும்பு எதுவும் உள்ள வரக் கூடாது. நெருப்புத் தெறிச்சா அத்தோட முடிஞ்சுது."

இடுப்பில் ஒரு மரக்கோல், மருந்து வழிக்கும் செப்புக் கரண்டி, அப்பா வேப்பமரத்தடியில் விட்டுப்போன துண்டு. அவ்வளவுதான். சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். சவரியாரும், மாடு கட்டிக் கல்பாரம் இழுக்கும் எங்கள் ஊர் மாரியும் கயிற்றைப் பிடித்தார்கள். அம்மா போய் மூன்றாவது ஆளாகக் கயிற்றில் கை வைத்தார். எல்லோரையும் விலகிப் போகச் சொன்ன சவரியார் அம்மாவை மட்டும் தடுக்கவில்லை. நான் உருளைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

உச்சி வெயில் நேராகக் கிணற்றின் அடியில் விழுந்தது. கீழே பேசுவது பானைக்குள் பேசுவதுபோலத் தெளிவாக மேலே வந்தது. அதனால் அன்று நான் இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் அறிந்தேன். மேரியம்மாளின் வாய் சொன்னது காதில் விழுந்தது. கை செய்தது கண்ணில் பட்டது. இரண்டும் ஒன்றாக இல்லை.

"மேரியம்மா" என்று அப்பா முனகினார். "அஞ்சுதானா?"

அந்தக் கேள்வியில் அவர் உயிர் இருந்தது. மேரியம்மாள் அவர் தலைமாட்டில் குந்தினார்.

"ஆறேதானுங்க, மொதலாளி. இங்க வந்து பாத்தாத் தெரியுதில்ல. ஆறு எடமும் பேந்து கெடக்குது. நீங்க சொன்னதுதான் சரி."

அப்பா பெருமூச்சு விட்டார். "நாந்தான் சொன்னனே."

"சொன்னீங்க சொன்னீங்க. அந்தச் செவுத்துப் பக்கமாத் திரும்பிக்கோங்க. மேலருந்து மண்ணு உதிருது, கண்ணுல உழுந்துரும்."

அப்பா திரும்பியதும் மேரியம்மாள் கையும் காலுமாக ஊர்ந்து கற்குவியலுக்குப் போனார். ஒவ்வொரு கல்லாக, முட்டையை எடுப்பதுபோல எடுத்து, சத்தம் வராமல் அப்பால் வைத்தார். நாலைந்து கல் நகர்ந்ததும் அங்கிருந்து நூல்போல ஒரு புகை எழுந்தது. அப்பாவின் தலையிலிருந்து ஆறடி தூரம் இருக்கும். என் பக்கத்தில் சவரியார், "மாதாவே" என்றார். கயிறு அசையவில்லை.

"கடப்பாரை வருதாம்மா? வலி உயிரு போவுது."

"மாரி முடிச்சுப் போடறானுங்க. அவன் முடிச்சுப் போடற அழகு உங்களுக்குத் தெரியாதா? கோவணங்கட்டவே பொழுது போயிரும் அவனுக்கு."

கயிற்றைப் பிடித்தபடி மாரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மேரியம்மாள் துண்டை ஊற்றில் நனைத்துக்கொண்டுவந்து புகையின் மேல் பிழிந்தார். மறுபடி போனார், நனைத்தார், பிழிந்தார். பிறகு மரக்கோலால் தான் இறுக்கிய களிமண்ணைத் தானே சுரண்டத் தொடங்கினார். ஒரு சுரண்டல், ஒரு பிழிச்சல்.

"என்னம்மா அங்க தண்ணிச் சத்தம்?"

"உப்புத் தண்ணியா நல்ல தண்ணியான்னு பாக்கறனுங்க. இத்தன பாடு பட்டுட்டு அது தெரியாம மேல போறதா?"

அப்பா சட்டென்று வலியை மறந்தார். "என்ன? எப்படி இருக்குது?"

அப்போதுதான் மேரியம்மாள் உண்மையாகவே ஒரு கை அள்ளிக் குடித்தார். "எளநியாட்டம் இருக்குதுங்க." இன்னொரு கை அள்ளி அவர் வாயில் விட்டார். அப்பா சப்புக்கொட்டினார். நாற்பதடி ஆழத்தில், நொறுங்கிய காலோடு, "பருத்தி போடலாம்" என்றார்.

"மொதல்ல கால எடுப்பமுங்க. பருத்திய அப்பறம் பாத்துக்கலாம்."

இப்படியே எத்தனை நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. கால்மணி நேரம் என்றார் அம்மா. நிழல் நகரவே இல்லை என்பது என் நினைவு. கடைசியில் தமரில் தண்ணீர் நிறைந்து வெளியே வழிந்தது. மேரியம்மாள் அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு மேலே நிமிர்ந்தார்.

"இப்ப உடுங்க கடப்பாரைய. நீங்களும் வாங்க."

சவரியார் இறங்கினார். இருவரும் நெம்பிக் கல்லை நகர்த்தினார்கள். அப்பாவைக் கல் ஏற்றும் தட்டில் உட்கார வைத்துக் கட்டினார்கள், மாரி மாடுகளை ஓட்டினான். அடுத்து சவரியார் ஏறினார். மேரியம்மாள் உடனே வரவில்லை. செப்புக் கரண்டியால் மருந்து முழுவதையும் வழித்தெடுத்துவிட்டுத்தான் வந்தார். நாளைக்கு யாராவது உளி வைப்பார்கள் அல்லவா?

மேலே வந்தவர் கயிற்றை விட்டதும் வேலிப் பக்கம் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர்ச் செம்போடு போனேன். வாய் கொப்பளித்துவிட்டு முந்தானையை அவிழ்த்தார். கருஞ்சேறாக மருந்து. அதோடு ஒரு திரித் துண்டு. கரியாத பாகம் என் சுண்டுவிரலில் ஒரு கணுகூட இல்லை.

"உங்கப்பாகிட்டச் சொல்ல வேண்டாஞ் சாமி" என்றார். "கால் ஒடஞ்சு கெடக்கற மனுசன். எண்ணிக்கையாவது சரியா இருந்துட்டுப் போகட்டும்."

நான் சொல்லவில்லை. கால் கூடியது, கொஞ்சம் குட்டையாக. கிணறு எந்தக் கோடையிலும் வற்றவில்லை. அப்பா பருத்தி போட்டார், பிறகு கரும்பும் போட்டார். பக்கத்துக் காட்டார் எங்கள் கிணற்றில் குடத்தோடு வந்து நின்றார்கள். அதைவிட அவருக்கு இனித்தது தன் காது. கல்யாண வீடு, சந்தை, டீக்கடை, எங்கே போனாலும் அந்தக் கதைதான். "கால் மாட்டிக் கெடக்கறேன், எனக்குக் கொஞ்சங்கூடப் பயமில்ல. ஏன்னா ஆறுன்னு எனக்குத் தெரியும். மேரியம்மா தங்கமான மனுசி. எண்ணிக்கதான் வராது."

கிறிஸ்துராஜுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தபின் அவர்கள் சூரமங்கலத்துக்குக் குடிபோனார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மேரியம்மாள் பலகாரத் தூக்கோடு எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலிலேயே அப்பா கேட்பார்: "மேரியம்மா, அஞ்சா, ஆறா?" அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: "நீங்க சொன்னா ஆறுதானுங்க." இருவரும் சிரிப்பார்கள். நான் காப்பி போட உள்ளே போய்விடுவேன். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், சேலம் வீதியில் என்னைப் பார்த்து, "இன்னுஞ் சொல்லலியே?" என்று ஒரு முறை கேட்டார். இல்லை என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

அடக்கம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "நல்ல மனுசி. எண்ணிக்க மட்டும்..."

இந்த முறை என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. முழுவதையும் சொன்னேன். சங்ககிரி தாண்டும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவளுக்குப் பயமா இருந்துச்சா?" என்றார்.

"மேலே வந்து வாந்தி எடுத்தாங்கப்பா."

"அப்ப அன்னைக்கு எனக்குப் பயமில்லாம இருந்தது..." என்று தொடங்கியவர் தன் குட்டைக் காலைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். முதலில் மாரி வீடு.

"மாரி, அன்னைக்கு அஞ்சுதான். நாந்தான் தப்பா எண்ணிட்டேன்."

மாரி வாய்க்குள் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களே. மேரியக்கா சொல்ல வேண்டாம்னுது."

"எங்களுக்குன்னா? ஆரு ஆருக்கு?"

"ஊருக்கே தெரியுமுங்க."

"எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

"உங்களுக்கு மட்டுந்தானுங்க."

இத்தோடு அப்பா வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். "தெரிஞ்சா இருக்கட்டும். நாஞ் சொன்ன பொய்யி, நானே திருப்பிச் சொல்லோணுமில்ல" என்றார். குப்பாயி வீடு, உண்ணாமலை வீடு, டீக்கடை. மூன்று நாளில் பத்தொன்பது வீடு முடிந்திருக்கிறது. சிலர் சிரித்தார்கள். குப்பாயி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நாளைக்கு ராசிபுரத்துச் சொந்தக்காரர்கள். முதல் பஸ்ஸுக்கே போக வேண்டுமாம். தடியை இப்போதே கதவோரம் சாத்தி வைத்துவிட்டுத் தூங்குகிறார்.