குண்டசாலையில் ஒரு கடற்கரைக் கணக்கு

உத்தியோகத்தில் இருந்தவரை என் கையெழுத்து இல்லாமல் எங்கள் பகுதியில் ஒரு பம்பும் ஓடியதில்லை. ஓய்வு பெற்றதும் கையெழுத்தின் மதிப்பு போய்விட்டது; பழக்கம் மட்டும் மிஞ்சியது.

கண்டியை அடுத்த குண்டசாலையில் எங்கள் பக்கத்து வளவு அம்மா மிளகாய், கத்தரி நாற்றுகள் வளர்த்து விற்கிறார். தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவந்து சொந்தமாகத் தொடங்கிய பிழைப்பு. மாசி வெயிலில் குழாய்த் தண்ணீர் குறைந்ததும், சரிவின் கீழே உள்ள கிணற்றிலிருந்து இறைக்க ஒரு பம்பு வாங்கினார். வைக்கும் இடத்தைக் காட்டி, "இந்த ஒசரத்துக்கு இழுக்குங்களா சார்?" என்று கேட்டார்.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் கிணற்று நீரைக் குழாயில் ஏற்றுகிறது. அதன் பலம் 10.3 மீற்றர் உயர நீருக்குச் சமம். குழாய் உராய்வு, நீராவி, பம்பு தனக்கென்று கேட்கும் பங்கு எல்லாவற்றுக்குமாக 3.6 கழித்தால் மிச்சம் 6.7. நீர்மட்டத்திலிருந்து அந்த இடத்துக்கு 6.5. "போதும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் சீமெந்து மேடை கட்டி, நல்ல நேரம் பார்த்து, பம்புக்குச் சந்தனப் பொட்டிட்டுத் தேங்காய் உடைத்தார். பம்பு உள்ளே சரளைக்கல் உருள்வதுபோல் கரகரத்தது. நூலாய் வந்த தண்ணீரும் நின்றது. குழாய் மூட்டுகள், அடிவால்வு எல்லாம் சோதித்தேன். பழுதில்லை. இரண்டு நாளில் நாற்றுகள் தலை தொங்கின.

"பெரிய மோட்டரா போடணும்னு கடைக்காரரு சொல்றாரு."

"பெரிய மோட்டருக்கும் இதே காத்துதாம்மா."

அவர் என் காகிதத்தை எடுத்துவந்தார். "இந்தப் பத்து மீட்டர் எங்கேருந்து வந்துச்சு சார்?"

"புத்தகத்துல உள்ளது. கடல் மட்டத்துல..."

"கண்டியில எங்க சார் கடலு?"

காகிதத்தின் ஓரத்திலேயே மறுபடி கணக்குப் போட்டேன். ஐந்நூறு மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் 9.7தான். மிச்சம் 6.1; வேண்டியதோ 6.5.

"நாலடி கீழே இறக்கணும்மா."

"பூச போட்டு வச்சதாச்சே."

"பிழை சாமியோடது இல்ல. என்னோடது."

அவர் யோசித்தார். "காலையில நல்ல நேரம் இருக்கு. தேங்கா நீங்க ஒடைங்க."

எந்த நடைமுறைக் கோவையிலும் இல்லாத அந்தக் கடமையை, சரிவில் வெட்டிய புதுத் தளத்தின் முன் நிறைவேற்றினேன். தேங்காய் கோணலாய் உடைந்தது. தண்ணீர் நேராக வந்தது.

மாலைக்குள் மிளகாய் நாற்றுகள் நிமிர்ந்துவிட்டன. கத்தரியில் இரண்டு தட்டுகள் கருகியிருந்தன. அவற்றில் புது மண் நிரப்பி, விதை தூவியபடியே அவர் சொன்னார்: "அந்தக் காயிதத்தத் திருத்திக் குடுங்க சார். கையெழுத்தும் வேணும்."