கல்செடிக்கு அபிஷேகம்

துரைசாணி சீமைக்குக் கப்பலேறுமுன் ஒரு மண்சட்டியை என் கையில் கொடுத்தாள். சட்டியில் மணல். மணலில் ரப்பர்க் கொட்டை அளவில், ஆட்டுக்குளம்பு போல நடுவே பிளந்த கூழாங்கற்கள். அத்தனையும் செடிகள். தென்னாப்பிரிக்காவிலிருந்து அவள் தகப்பன் கொடுத்தனுப்பியவை.

"தண்ணி கொஞ்சம் போதும். செடி பிளந்து பிரியும்போது ஜாங்கான்! ஊத்தவே கூடாது" என்றாள். தமிழும் மலாயும் கலந்துதான் பேசுவாள். பிறகு என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். "நான் வரும்போது இது உயிரோட இருந்தா நீ பங்களா பின்னறைக்கு வந்துடு. உன் புருஷன் அங்க வர முடியாது."

அவர்கள் திரும்பும்வரை தோட்டத்தைப் பார்க்கப் பதிலுக்கு வந்த துரையின் நாய்கள் பங்களாவில் எதையும் விட்டுவைக்காது. அதனால் அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த நான், சட்டியைக் கூலிகளின் லயத்தில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்த வெயிலில் சட்டி வாசலில் இருந்தது. கொட்டைகள் வெடித்துத் தகரக் கூரையில் தெறித்த மாதங்களில் மணலை விரலால் தோண்டிப் பார்த்து, காய்ந்திருந்தால் கரண்டியால் தண்ணீர் விட்டேன். தீபாவளி மழை வந்ததும் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினேன். மழைக்குத் தைப்பிங்தான் பேர்போனது என்பார்கள். ஈப்போப் பக்கத்து மழையில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்.

கள்ளுக்கடையிலிருந்து வரும் என் புருஷன் காரணம் தேடி அடிப்பவன் அல்ல. சோறு குழைந்தால் அடி, குழையாவிட்டாலும் அடி. விறகுக்கட்டை ஒன்று என் முதுகில் முறிந்திருக்கிறது. அடி விழும்போது பரண் பக்கம் மட்டும் போகமாட்டேன். என் எலும்பு எப்படியும் கூடிவிடும், அந்தச் சட்டி உடைந்தால் எனக்குப் போக்கிடம் இல்லை.

மழை விட்டதும் செடிகள் பிரிந்தன. பழைய இலை நடுவில் வெடித்து, உள்ளேயிருந்து புதிய ஜோடி தலைகாட்டியது. பழசில் இருக்கும் நீரைக் குடித்தே புதுசு வளரும். மேலே ஊற்றினால் இரண்டும் அழுகிவிடும்.

அதை என் புருஷன் பார்த்துவிட்டான். "ஏய், கல்லு குட்டி போடுதுடி! முனியாண்டி வந்திருக்காரு!"

சட்டியைத் தூக்கிப்போய் மரத்தடி முனியாண்டிக்குப் பக்கத்தில் வைத்தான். தானே பூசாரியானான். கல்லைக் கும்பிடும் சனம், பிள்ளை பெறும் கல்லைக் கண்டால் விடுமா? மஞ்சள் தண்ணீரும் பாலும் குடம்குடமாக வந்தன. சாமிக்குப் படைத்த கள் பூசாரி வயிற்றுக்குப் போனது. கங்காணி அறைந்ததில் ஒரு காது செவிடான பக்கத்து வீட்டு அக்கா, அந்தக் கங்காணியின் கை விளங்காமல் போகவேண்டும் என்று சத்தமாக வேண்டிக்கொண்டு பாலை ஊற்றினாள்.

"ஊத்தாதீங்கக்கா! அது செடி, அழுகிடும்!"

என் புருஷன் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, சாமி முன்னாலேயே மிதித்தான். ஒருத்தரும் விலக்கவில்லை. சாமி குத்தம் ஆகிவிடக் கூடாதாம். அவர்கள் எல்லோர்மீதும் எனக்கு அன்று வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

கொஞ்ச நாளில் செடிகள் சீழ் பிடித்த கட்டி போலக் குழைந்து நாறின. நான் தீட்டோடு தொட்டதுதான் காரணம் என்று சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து என் நெற்றியில் எறிந்தான். சட்டி உடைந்தது. ரத்தமும் மணலும் கண்ணில் வழிந்தன.

உடைந்த ஓடுகளைப் பொறுக்கும்போது, அடுப்புச் சாம்பலில் ஒரு செடி உருண்டு கிடப்பதைப் பார்த்தேன். அமுக்கினேன். கெட்டியாக இருந்தது. சட்டி ஓரத்தில் இருந்ததால் அதற்குப் பால் எட்டவில்லை போலும். அடுப்புக்குப் பின்னால் மணலில் ஒளித்து வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல் காத்தேன். பழைய இலை சருகாக ஒட்டிக்கொண்டது. புதிய ஜோடி பிழைத்தது.

துரைசாணி திரும்பிவிட்டாள் என்று தெரிந்த அன்று அதைத் துணியில் சுற்றினேன். அவன் வாசலை மறித்தான். பின்னறைப் பேச்சு அவன் காதுக்கும் போயிருந்தது.

"அத குடுடி. மிதிச்சுக் கூழாக்கிடுறேன்."

கையை நீட்டினான். சுவரில் அவன் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தி தொங்கியது. எடுத்து அந்தக் கையில் இழுத்தேன். மரத்தில் அவன் போடும் கோடு போலவே சாய்வாக விழுந்தது. தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பயம் துளிகூட இல்லை எனக்கு. சந்தோஷமாக இருந்தது.

பங்களாவில் துணியைப் பிரித்துக் காட்டினேன்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணு உயிரோட இருக்கு, தொரசாணி."

அவள் என் சேலையைப் பார்த்தாள். "ரத்தம்! உன்னுதா?"

"இன்னிக்கு இல்ல" என்றேன்.

அவள் பின்னறைச் சாவியை எடுத்துவர உள்ளே போனாள்.