ஃப்ளாஸ்கில் வந்த சீந்தில் கஷாயம்

போன வருடம் ஆடி மாதம். திருநின்றவூரிலிருந்து சென்னையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நானும் என் கணவரும் மின்சார ரயிலில் அலைந்துகொண்டிருந்த நேரம். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி. பீடி, சிகரெட்டைக் கையால் தொடாதவர். மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். முதலில் கொடுத்த கீமோவுக்குக் கட்டி கொஞ்சம் சுருங்கி, பிறகு பழையபடி வளர ஆரம்பித்துவிட்டது. அதனால் புதிதாக ஓர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இதுவும் கேட்காவிட்டால் அடுத்து என்ன என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நோயைவிட, விசாரிக்க வருகிறவர்களைச் சமாளிப்பது பெரும்பாடு. எல்லோருக்கும் ஒரே பல்லவி, உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை, அதனால்தான் வந்துவிட்டது என்று. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புகுந்த சொல், இன்னும் வெளியே வரவில்லை. ஆளுக்கொரு பொடி, ஆளுக்கொரு லேகியம். இவர் யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார். அவர்கள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பட்டறையில் இரும்பைத் தூக்கிப் போட்ட மனுஷன், தெம்பில்லை, தெம்பில்லை என்று கேட்டுக் கேட்டே கூனிப்போனார். எனக்குக் கோபம் வரும். ஆனால் கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அடுத்த தெருவில் என் ஓரகத்தி இருக்கிறார், இவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் வேலை. ஷிப்டுக்குப் போகும் முன் ஏரிக்கரை வேலியில் சீந்தில் கொடி அறுத்து வந்து, கஷாயம் வைத்து, தினமும் ஃப்ளாஸ்கில் கொண்டுவருவார். வாயில் வைக்க முடியாத கசப்பு. அண்ணி கொடுக்கிறாரே என்று இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவார். போகும்போதெல்லாம் டாக்டர், வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்பார். இல்லை என்போம். பொய் சொல்ல நினைக்கவில்லை. எங்கள் வீடுகளில் கஷாயத்தை யாரும் மருந்தில் சேர்ப்பதில்லை. ரசம் குடித்ததைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா?

அன்று வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கும் உடம்பு சரியில்லாததால் அக்கா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். ரிசல்ட்டைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. கல்லீரல் அளவுகள் எகிறியிருந்தன. இந்த ஊசியால் அப்படி ஆவதுண்டாம். ஊசிதான் காரணமென்றால் நிறுத்த வேண்டும், மறுபடி ஆரம்பிக்க முடியாமலே போகலாம் என்றார். வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று மறுபடி கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார்.

அப்போதுதான் அக்கா பையிலிருந்து ஃப்ளாஸ்கை எடுத்தார்.

"காலைல குடிக்கல சார். இப்ப குட்த்தா ஒண்ணியும் ஆவாதே?"

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். என்ன இது, எத்தனை நாளாக என்று விசாரித்தார். அக்கா பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். சிலருக்குச் சீந்தில் கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"சக்தி ஏறட்டும்னுதான் சார் குட்துகினு கீறேன். நானே கெடுத்துட்டனா?"

டாக்டர் திட்டவில்லை. இவர் பக்கம் திரும்பினார். "உங்க உடம்புல சக்தி இல்லாம இல்ல. கட்டியிலேர்ந்து எடுத்த துணுக்குலயே எதிர்ப்பு செல்கள் நிறைய இருந்துச்சு. எல்லாம் சண்டைக்குப் போனதுதான்."

போன இடத்தில் கட்டி அவற்றில் சிலவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதாம். அவை கட்டிக்கு ரத்தம் போக வழி செய்து கொடுக்கின்றன, கீமோவைத் தாக்குப்பிடிக்கவும் உதவுகின்றன. சண்டை போட வேண்டியவை பிரேக் போட்டது போல நிற்கின்றன. இந்த ஊசி அந்த பிரேக்கை எடுத்துவிடுகிறது. அப்படி விட்டால் சில நேரம் அவை கல்லீரலையும் பதம் பார்த்துவிடும். காரணம் ஊசியா, கஷாயமா என்று தெரியும்வரை இரண்டையும் நிறுத்திவைப்போம் என்றார்.

இவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எனக்குத் தெம்பு இல்லாம இது வரலியா சார்?"

"இல்லீங்க."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நோய் இன்னதென்று சொன்ன அன்றுகூட அழாதவர். எனக்கும் தாங்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். அம்பத்தூர் தாண்டியதும் இவர்தான் பேசினார். "அண்ணி, நாளிக்கி டீ போட்டு எட்துனு வா. பால் கொஞ்சம் தூக்கலா."

அடுத்த சில வாரங்கள் நான் எப்படித் தூங்கினேன் என்று எனக்கே தெரியாது. அளவுகள் இறங்கின. கஷாயமாக இருக்கலாம் என்று சொல்லி, ஜாக்கிரதையாக ஊசியை மட்டும் மறுபடி ஆரம்பித்தார்கள். அளவுகள் திரும்ப ஏறவில்லை. இப்போது கட்டி வளரவுமில்லை, கரையவுமில்லை. நாங்கள் இன்னும் அதே ரயிலில்தான் போய்வருகிறோம். என் கால்கள் ஓய்ந்துவிட்டன. விசாரிக்க வருகிறவர்கள் எதிர்ப்பு சக்தி என்று ஆரம்பித்தால், "சக்திலாம் கீது, உள்ள மாட்டிகினு கீது" என்று இவரே வாயை அடைத்துவிடுகிறார்.

இந்த ஊசி எவ்வளவு நாள் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தன் உடம்பு தனக்காகச் சண்டைக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்ட மனுஷனோடு அலைவது, எல்லாம் தன் குறைதான் என்று நம்பிக்கொண்டிருந்த மனுஷனோடு அலைந்ததைப் போல அத்தனை பாரமாக இல்லை.