செத்தவனைத் தொட்டவன்

விஸ்துலா ஆற்றங்கரைக் கோட்டையைச் சுற்றியிருக்கும் பூங்காவில் நான் சாசேஜ் சுட்டு, பீர் ஊற்றிப் பிழைக்கிறவள். கோடையில் ஒருநாள் அங்கே பழைய முற்றுகைப் போரை நடித்துக் காட்டுவார்கள். நடிப்பு என்று பேர்தான். வாள் மழுங்கியிருக்கும், அடி மழுங்கியிருக்காது. பல் உடைந்து வருகிறவர்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

சண்டைக்கு ஒரே சட்டம்தான். விழுந்தவன் செத்தவன். கொம்பு ஊதும்வரை அவன் அசையக் கூடாது, அவனை யாரும் தொடவும் கூடாது.

ராடோஷ் இறைச்சிக்கூடத்தில் மாடு வெட்டுகிறவன். மகா முன்கோபி. கல்யாண வீட்டில்கூட யாரையாவது அடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். ஆனால் தங்கை ஹால்ஷ்கா என்றால் உயிரை விடுவான். அந்த வருஷம் கொளுத்தும் வெயிலில் அவள் முழுக்கைச் சட்டையோடு வந்தாள். என் கடை முன்னாலேயே அவன் அந்தக் கையைச் சுருட்டிப் பார்த்தான். தோள்வரை கன்றிப்போயிருந்தது.

"கோர்னெல் வேலையா?"

"விடுண்ணே. குடிச்சிருந்தாரு."

"மச்சான் இன்னைக்கு எதிர்ப்பக்கம்தானே? நல்லதாப் போச்சு."

சண்டை சூடுபிடித்ததும் கோட்டைப் பாலத்தருகே ராடோஷ் கோடரியைத் திருப்பிப் பிடித்து, கோர்னெலின் பின்னந்தலையில் ஓங்கி ஒரே போடு. கோர்னெல் சாய்ந்தான். கூட்டம் கைதட்டியது. கவசத்துக்கு அடியிலிருந்து ரத்தம் புல்லில் இறங்கியது. வேஷ ரத்தமும் அங்கே தாராளம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவன் கால் வெட்டி வெட்டி இழுத்தது. ராடோஷ் தினமும் மாடுகளிடம் பார்க்கிற இழுப்பு அது.

தன் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தான். "நிறுத்துங்கடா! நிஜமாவே சாகுறான்டா!" என்று கத்திக்கொண்டு கோர்னெலைத் தூக்கப் போனான்.

"செத்தவன் மேலயே கை வைக்கிறியா, நாயே!"

இரண்டு படையும் சேர்ந்து அவனைச் சாத்தியது. விலா முறிந்தது. இடது கண் போனது. கோர்னெலின் மேல் கவிழ்ந்து கிடந்தவன் நகரவே இல்லை. பாவிகள், ஒருத்தனாவது குனிந்து பார்த்தானா? நான் இரும்பு இடுக்கியோடு ஓடி, கொம்புக்காரன் முட்டியில் ஒன்று போட்ட பிறகுதான் கொம்பு ஊதியது.

இருவரும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு சூப் எடுத்துப் போனபோது ஹால்ஷ்கா அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அதே முழுக்கைச் சட்டை.

"நீ அவரை அடிச்சப்ப முதல்ல கை தட்டுனது நான்தாண்ணே," என்றாள். "வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புறாங்க. எதுக்குண்ணே காப்பாத்துன?"