இடது பக்கக் கண்ணாடி

என் வண்டியின் இடது கண்ணாடி ரோட்டைப் பார்க்க அல்ல. என் மனைவியின் கண்ணைப் பார்க்க. வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு டயாலிசிஸ். நீடாமங்கலம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் வரை பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவேன். பஸ்ஸில் ஏறினால் அம்மாப்பேட்டை வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். போகும்போது தொந்தரவில்லை. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணி வெளியே விடும்போது ஆள் துவண்டு போயிருப்பாள். வண்டி கிளம்பிய பத்தாவது நிமிஷம் கண் சொருகும். ஊசி குத்துகிற வலது கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. ஒருமுறை சாலியமங்கலம் அருகே அவள் தலை என் முதுகிலிருந்து சரிந்தது. கையைப் பின்னால் விட்டு, அகப்பட்டதைப் பிடித்து நிறுத்தினேன். வண்டியை ஓரங்கட்டி அவளைக் கண்டபடி திட்டினேன். பயந்துவிட்டால் எனக்குத் திட்டத்தான் வரும்.

துண்டால் என்னோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்றேன். "நான் என்ன நெல்லு மூட்டையா?" என்றாள். சேலையை விட்டுச் சுடிதார் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார மட்டும் சம்மதித்தாள், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தானாம். அவள் தங்கை சிறுநீரகம் கொடுக்க முன்வந்து, எல்லாப் பரிசோதனையும் முடிந்து, முடிவுக்குக் காத்திருந்தோம். மாற்றி வைத்ததும் பழையபடி சேலை கட்டி ஒருபக்கமாகத்தான் உட்காருவேன் என்று இப்போதே சொல்லி வைத்திருந்தாள்.

அதுவரைக்கும் கண்ணாடிதான். அவள் என் இடது தோளில் தாடையைச் சாய்த்துக்கொள்வாள். கண்ணாடியை உள்பக்கம் திருப்பினால் முகம் தெரியும். கண் மூடினால் முழங்கையால் இடிப்பேன். தனியே வயலுக்கோ உரக்கடைக்கோ போகிற நாட்களில் ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

அறுவடை தொடங்கிய சமயத்தில் அந்தக் கண்ணாடி ஆட ஆரம்பித்தது. வண்டி கொஞ்சம் வேகமெடுத்ததும் அவள் முகம் கலங்கிய வாய்க்கால் தண்ணீரில் தெரிவதுபோல் ஆகிவிடும். கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, ஒன்றும் புரியாது. தண்டின் அடியில் இருக்கும் நட்டை ஸ்பானர் போட்டு இறுக்கினேன். ஆடியது. சைக்கிள் டியூபை வெட்டி இடுக்கில் செருகினேன். அப்போதும் ஆடியது. வண்டிக்கு வயசாகிவிட்டது, எஞ்சின்தான் உதறுகிறது என்று நானே முடிவு கட்டி, அதையும் நாலு வார்த்தை திட்டினேன்.

அடுத்த முறை அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போனேன். என் வயசு ஆள், பெரிய மீசை. எஞ்சின் என்று நான் ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவே இல்லை. ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கினார். வலது கண்ணாடி சும்மா இருந்தது. இடது மட்டும் நடுங்கியது. எஞ்சின் என்றால் இரண்டும்தானே ஆட வேண்டும் என்றார். பிறகு இடது தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தண்டு அசையவில்லை, அதன் தலையில் இருந்த கண்ணாடிதான் அசைந்தது. கழற்றிக் காட்டினார். கண்ணாடியின் முதுகில் ஒரு குண்டும், அது உட்காரும் குழியும் இருக்கின்றன. குழி தேய்ந்து அகன்று போயிருந்தது.

"இத அடிக்கடி திருப்புறீங்களாண்ணே?"

விஷயத்தைச் சொன்னேன். பழைய கண்ணாடியை ஓரமாக வைத்தார். பிறகு, ரோட்டுக்கு வலது கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள், இடதை அவங்களுக்கே விட்டுவிடுங்கள், ஒரு தடவை வைத்தால் தொடவே கூடாது என்றார். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, என்னை முன்னால் உட்காரச் சொல்லி, அவரே பின்னால் ஏறிக் குனிந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டார். தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, எத்தனையோ நாளைக்குப் பிறகு.

"உங்க கண்ணு எனக்குத் தெரியுதுண்ணே. அப்ப என் கண்ணும் உங்களுக்குத் தெரியும். இதான் கணக்கு," என்று இறங்கி நட்டை இறுக்கினார். அவர் மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் அந்தப் பேச்சு என் மண்டையில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது டாக்டரம்மா என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். தங்கையின் சிறுநீரகம் ஒத்துப்போகவில்லை. மாற்றி வைத்தாலும் இவள் உடம்பு ஏற்காது என்றார். வேறு ஆள் உண்டா என்று கேட்டார். இல்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள்.

அவளிடம் இப்போது சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அறுவடை முடியட்டும். வெளியே வந்தவளிடம், நன்றாகத் தூங்கினாயா, புதுக் கண்ணாடியைப் பார்த்தாயா என்று என்னென்னவோ பேசினேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கண்ணாடி துளிகூட ஆடவில்லை. அவள் இமை மூடுவது, நெற்றி வேர்வை, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. தூங்கிவிட்டாள், தலை தோளில் பதிந்துதான் இருந்தது, இடித்து எழுப்ப மனசு வரவில்லை. சாலியமங்கலம் தாண்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் அழ எனக்கு வேறு இடமும் இல்லை.

ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். அவள் கண் திறந்திருந்தது. நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"தங்கச்சியோடது சேரலையா?"

 ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் முகம் மாறியதை முழுசாகப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க வழியில்லை. திருப்பிவிடலாமா என்று என் கை இடது கண்ணாடி வரைக்கும் போனது. அவள் ஊசி குத்தாத கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டுங்க. நெல்லு கெடக்கு, நீங்க ரோட்டப் பாருங்க."